தும்பறை மலைவழியே

மழை ஓய்ந்த ஒரு காலை வேளையிலே கண்டி நகரின் கிழக்கே உள்ள உயர்ந்த இடமொன்றில் நின்று நோக்குவோர் கண்ணுக்கு ஒரு மலைத்தொடர் தோன்றும். மடக்கிய கையின் விரற்கணுக்கள் வரிசையாகப் புடைத்து நிற்பதுபோல அதன் கொடுமுடிகள் நிற்கும். ஆங்கிலேயர் அதற்கு 'நக்கிள்ஸ்' என்று பெயரிட்டனர். விரற்கணுக்கள் என்பதே அச்சொல்லின் பொருள். அங்கேயே வாழும் சிங்கள மக்களோ அதனைத் தும்பறை என்பர். புகைபோன்ற பனிமூட்டம் செறிந்த இடம் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். முன்னைய பெயர் தொலைவில் நின்று கண்டவர் இட்டது. பின்னையது, காலையிற் கதவைத் திறந்தபோது தம் முற்றமே தமக்குத் தெரியாமற் போனவர் இட்டது.

மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியே போலத் தோன்றினும், இத்தொடர் தனித்து நிற்பதொன்றாகும். மேற்கே மாத்தளைப் பள்ளத்தாக்கும், தெற்கிலும் கிழக்கிலும் மகாவலி கங்கையும் அதனை ஏனைய மலைகளிலிருந்து பிரித்து வைத்துள்ளன. இரு பருவக்காற்றுகளின் வழியையும் மறித்து நிற்பதால் தென்மேற்கு மழையும் வடகீழ் மழையும் அதற்குக் கிடைக்கின்றன. ஆகவே, ஒருவர் ஒரே நாளில் நடந்து கடக்கக்கூடிய தூரத்தினுள்ளே முகில் தவழும் குள்ளக் காடும், மரமற்ற புல்வெளியும், வரண்ட நாட்டு மரங்கள் கலந்த தாழ்நிலக் காடும் அடுத்தடுத்து அமைந்து கிடக்கின்றன. மிக உயர்ந்த கொடுமுடியாகிய கொம்பனிய 1,906 மீற்றர் உயரமானது. 2000ஆம் ஆண்டிலே இக்காடு பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010ஆம் ஆண்டிலே, சிவனொளிபாத மலைக் காட்டோடும் ஹோட்டன் சமவெளியோடும் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இவையெல்லாம் புத்தகத்திற் படித்துத் தெரிந்துகொள்ளத் தக்கவை. காலால் நடந்தே தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு உள.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாதத்திலே இருவர் இம்மலையைக் கடந்து மீமுரே என்னும் கிராமத்துக்கு நடந்து சென்றனர். ஒருவர் ஓய்வுபெற்ற அஞ்சலதிபர். எழுபது வயதைக் கடந்தவர். மற்றவர் அவருடைய தமக்கை மகன். கொழும்பிலே கணக்காளராகப் பணிபுரிபவர். அஞ்சலதிபருடைய தந்தையார் ஒரு காலத்தில் இம்மலைக் காட்டினுள்ளே ஏலத்தோட்டமொன்றிற் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஏலம் உலர்த்தும் கட்டடத்தின் ஓரத்து அறையிலே அவர் தங்கியிருந்தார். மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். வரும்போது அவருடைய சட்டை முழுவதும் ஏலம் மணக்கும். அந்தக் கட்டடத்தைக் கண்ணாற் பார்க்க வேண்டும் என்பது மகனுக்கு நெடுநாளைய ஆசை. மருமகனுக்கு அவ்வாறு ஒன்றும் இல்லை. வயதானவரைத் தனியே விடக்கூடாது என்று தாயார் சொல்லியனுப்பியதால் வந்தவர் அவர்.

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியிலே அவர்கள் பஸ் ஏறினர். தெல்தெனியவை அண்மியதும் வீதியின் கீழே விக்டோரியா நீர்த்தேக்கம் விரிந்து தெரியும். 1985ஆம் ஆண்டில் அந்த அணை திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் அந்த நீரின் அடியிலே கிடக்கின்றது. கடும் வரட்சிக் காலங்களில் அதன் இடிபாடுகள் தலைகாட்டுவதுண்டு. அதனைக் கடந்தால் மெதமகாநுவர. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராசசிங்கன் 1815ஆம் ஆண்டு பெப்புருவரி 18ஆம் நாள் பிடிபட்டது இவ்வூரின் அயலிலேதான். மதுரை நாயக்கர் வழித்தொடர்புடைய அம்மன்னன் வேலூருக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1832ஆம் ஆண்டில் அங்கேயே இறந்தான். நினைவுக்கல் வீதியிலிருந்து விலகி நிற்பதால் பஸ்ஸிற் போவோர் அதனைக் காண்பதில்லை. அஞ்சலதிபர் அந்தத் திசையைக் கையாற் காட்டினார். மருமகன் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹுன்னஸ்கிரியவில் இறங்கி வடக்கே திரும்பும் கிளை வீதியில் ஏறினால் தேயிலை தொடங்குகின்றது. காட்டின் ஓரம்வரை தேயிலை; அதன் நடுவே லயன்கள்; லயன்களின் முன்னே சிறு கோயில்கள். இத்தோட்டங்கள் முதலிற் கோப்பிக்காக வெட்டப்பட்டவை. தென்னிந்தியாவிலிருந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்து வந்த மக்களுடைய கைகளே இவ்விடத்து மரங்களை வீழ்த்தின. வழியில் இறந்தோர் பலர். 1869ஆம் ஆண்டிலே காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. அதன்பின் தேயிலை வந்தது. வெட்டிய கை கூலியின் கை. வெட்டச் சொன்ன வாய் வேறு. ஆயினும் காடழிந்த கதையைச் சொல்வோர் பெரும்பாலும் இந்த வேறுபாட்டை நினைப்பதில்லை. 1873ஆம் ஆண்டிலே, கியூ பூங்காவின் தலைவராயிருந்த ஹூக்கர் என்னும் தாவரவியலறிஞர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளையேனும் விட்டுவைக்க வேண்டும் என்று அறிவுரை கூறினார். இன்று மேலே காடு எஞ்சியிருப்பதற்கு அந்த அறிவுரையும் ஒரு காரணம்.

டீன்ஸ்டனிலுள்ள வனத் திணைக்களத்தின் நிலையத்திலே அனுமதிச் சீட்டுப் பெற்றனர். அங்கே வழிகாட்டி காத்திருந்தார். மீமுரேயைச் சேர்ந்தவர், வயது நாற்பத்தைந்து இருக்கும். தோட்டத்து மக்களோடு பழகியதால் அவருக்குச் சிறிது தமிழும் தெரியும். மருமகன் மரியாதை கருதி அவரை "ஐயா" என்று அழைத்தார். வழிகாட்டியின் முகம் மலர்ந்தது. ஏனெனில் சிங்களத்திலே அச்சொல் மூத்த சகோதரனைக் குறிக்கும். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் தம்மைக் கண்டவுடனே அண்ணன் என்று அழைத்தது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அன்று முழுவதும் அவர் மருமகனை "மல்லி", அதாவது தம்பி, என்றே அழைத்தார். அஞ்சலதிபருக்கு மட்டும் "மாத்தயா" என்னும் மரியாதை.

கோர்பெற் கணவாயை அடைந்தபோது நண்பகலாகவில்லை. காற்றோ நிற்க விடவில்லை. இருபுறமும் உள்ள பள்ளத்தாக்குகளின் காற்று முழுவதும் இந்த ஒரு வாயிலால் நுழைந்து வெளியேறுகின்றது. இங்குள்ள மரங்கள் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வளர்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கிளைகளிற் பாசி தொங்க நிற்கின்றன. அவற்றை இளமரங்கள் என்று எண்ணுவது தவறு. வயது முதிர்ந்த மரங்களும் அவற்றுள் உள. முகிலிலிருந்து நேரே நீரை எடுத்துச் சொட்டுச் சொட்டாக நிலத்துக்குக் கொடுப்பது இக்காடு. மழை பெய்யாத நாளிலும் அதன் அடிநிலம் ஈரமாயிருக்கும். இங்கே சொட்டும் நீர் ஓடையாகி, ஹீன் கங்கையாகி, மகாவலியுடன் சேர்ந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாற்றுக் குடாவிலே கடலுட் புகுகின்றது. மூதூரில் நெல் விதைப்பவருக்கும் இக்கணவாய்க்கும் உள்ள உறவு அவ்வளவு தூரத்துச் சொந்தமன்று.

கொட்டியாற்றை நினைத்தவுடன் றொபேட் நொக்ஸ் நினைவுக்கு வராமற் போகார். 1660ஆம் ஆண்டிலே அக்குடாவிற் பிடிபட்டு, கண்டியரசிலே ஏறத்தாழ இருபது ஆண்டு சிறைவாழ்வு வாழ்ந்து, 1679இல் தப்பியோடிய ஆங்கிலேயர் அவர். அவர் எழுதிய நூல் 1681இல் வெளிவந்தது. மலைகளினிடையே உள்ள ஒடுங்கிய வழிகளில் முள்ளாற் கதவமைத்துக் காவல் வைத்திருந்தனர் என்று அவர் குறித்துள்ளார். மழைக்கும் வெயிலுக்கும் தாளிப்பனை ஓலையொன்றைத் தலைமேற் பிடித்து நடந்த மக்களைப் பற்றியும், அந்த ஓலையே போர்வீரருக்குக் கூடாரமாயிருந்ததைப் பற்றியும் வியந்து எழுதியுள்ளார். தூறல் விழுந்தபோது அஞ்சலதிபர் இதனைச் சொல்லிக்கொண்டு வந்தார். மருமகன் பையைத் திறந்து பிளாஸ்டிக் மழைச்சட்டையை எடுத்தார். அது ஈராண்டும் உழைக்காது என்பது பெரியவரின் கருத்து.

கணவாய்க்கு அப்பால் மோட்டார் வீதி வளைந்து வளைந்து இறங்குகின்றது. கால்நடையாகச் செல்வோர் அந்த வளைவுகளைக் குறுக்கே வெட்டி, காட்டினூடே செல்லும் ஒற்றையடிப் பாதைகளால் இறங்குவர். வீதி வருமுன்னர் உப்பும் மண்ணெண்ணெயும் பிணியாளரும் போய்வந்தது இத்தகைய வழிகளாலேதான். மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறியோரின் காலுக்கு ஏற்ப அமைந்த பாதையாதலால், நகரத்துச் சப்பாத்துக்கு அது இசைந்து கொடுப்பதில்லை. மருமகன் இருமுறை வழுக்கி விழுந்தார். பெரியவர் ஒருமுறையும் விழவில்லை.

தூறல் விழுந்த பின் அட்டைகள் எழுந்தன. இலைநுனியில் நின்று, மூச்சுச் சூட்டை அறிந்து, தலையை அசைக்கும் இந்தச் சிறு உயிரை வைத்துக் காட்டின் நலத்தை அறியலாம் என்பார் வழிகாட்டி. ஈரம் உள்ள இடத்தில், இரத்தமுள்ள விலங்குகள் நடமாடும் இடத்திலே அட்டை இருக்கும். சவர்க்காரத்தைக் காலிற் பூசிக்கொள்வது ஊர் வழக்கம். தேசிக்காய்ச் சாறும் உதவும். ஒரு பட்ட மரத்தருகே அவர் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினார். தண்டிலே ஒரு சிறு ஓணான் அசையாமல் இருந்தது. அதன் மூக்கு நுனியிலே இலை வடிவான ஒரு புடைப்பு. உலகில் வேறெங்கும் இல்லாமல் இம்மலைத்தொடரில் மாத்திரம் வாழும் உயிர் அது. குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற் என்பவருடைய பெயரால் விஞ்ஞானிகள் அதனை அழைக்கின்றனர். ஊரவருக்கு அது எப்போதும் உள்ள ஓணான்களுள் ஒன்று. மருமகன் அதனைப் படம் பிடிக்க முயன்றார். அது தண்டின் மறுபக்கத்துக்கு நகர்ந்துவிட்டது.

இன்னும் கீழே இறங்கியதும் காடு மாறியது. மரங்கள் நெடிதுயர்ந்தன. ஆனால் இடையிலே வெறுமை. பெருமரங்களுக்கு நடுவே மண்டபம் போல இடைவெளி.

"மாமா, காடு முழுசாகத்தானே இருக்கின்றது. தோட்டம் எங்கே?" என்றார் மருமகன்.

"அண்ணாந்து பாராதே தம்பி, குனிந்து பார்" என்றார் பெரியவர்.

நிலத்திலே, இஞ்சியை ஒத்த நீண்ட இலைகளுடன் ஏலப்புதர்கள் ஆங்காங்கே நின்றன. ஏலம் நிழலை விரும்பும் பயிர். ஆதலால் அதனைப் பயிரிடுவோர் பெருமரங்களை வெட்டுவதில்லை. அவற்றின் கீழே உள்ள சிறு செடிகளையும் இளமரங்களையுமே வெட்டித் துப்புரவு செய்வர். மலையுச்சியிலிருந்து பார்ப்போருக்குக் காடு பழையபடியே தோன்றும். ஆயினும் முதிய மரமொன்று விழும்போது அதன் இடத்தை நிரப்புதற்கு இளையது இராது. பிள்ளைகள் இல்லாத ஊரைப் போன்றது அந்தக் காடு. அன்றியும், பறித்த காயைப் பச்சை நிறம் மாறாமல் உலர்த்துதற்குச் சூடு வேண்டும். அச்சூட்டுக்கு விறகும் இக்காட்டிலிருந்தே வரவேண்டும். ஏலத்தால் காட்டுக்கு ஏற்பட்ட தீங்கு இதுவே. மெல்ல நிகழ்ந்ததால் நெடுங்காலம் கண்ணிற் படவில்லை.

கட்டடம் ஓடையருகே இருந்தது. தோட்டத்து மக்கள் அதனை 'இஸ்டோர்' என்பார்கள். கூரை இல்லை. கருங்கற் சுவர் மூன்று பக்கம் நின்றது. அடுப்பின் வாய் இலைச்சருகால் அடைபட்டுக் கிடந்தது. சுவரின் மேலே வேரோடியிருந்த ஒரு மரம் சுவரைவிட உயர்ந்துவிட்டது. ஓரத்திலே ஒரு சிறு அறையின் அடித்தளம் தெரிந்தது. நான்கு அடி எடுத்து வைத்தால் முடிந்துவிடும் அளவு. அஞ்சலதிபர் அதனுள் நின்றுகொண்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "சன்னல் இந்தப் பக்கம் இருந்திருக்கும்" என்று மாத்திரம் சொன்னார்.

வழிகாட்டி சுவரில் அமர்ந்து வெற்றிலை மடித்தார். அவருடைய தாயாரும் இங்கேயே காய் பறித்தவராம். ஏலத்தின் பூங்கொத்து செடியின் அடியிலே நிலத்தை ஒட்டிப் படர்வதால், பறிப்பவர் நாள் முழுவதும் குனிந்தே இருக்க வேண்டும். முதுகு நிமிராமற் போன பெண்கள் பலர். காய் எல்லாம் ஒருங்கே முற்றுவதில்லை. அதே புதருக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரவேண்டும். குத்தகைகள் நின்று, காடு பாதுகாக்கப்பட்ட வனமான பின்பு அந்தத் தொழில் அற்றுப்போயிற்று. சில இடங்களில் ஒளிவுமறைவாக நடந்ததும் உண்டு.

"தடுத்தது நல்லதுதானே ஐயா? இல்லாவிட்டால் இன்றைக்கு இந்தக் காடு இராதே" என்றார் மருமகன்.

"நல்லதுதான் மல்லி. இந்தச் சுவரில் நிற்கும் மரம் நான் சிறுவனாயிருந்தபோது இல்லை. கீழே உள்ள ஓடையும் பங்குனியில் வற்றுவதில்லை. ஆனால் அந்த வருடம் அக்காவுக்கு நிச்சயித்த கலியாணம் நின்றுபோயிற்று. அம்மாவின் சம்பளத்தை நம்பி நிச்சயித்தது."

மருமகனிடம் மறுமொழி இல்லை. காடு காக்கப்பட வேண்டியதே. இதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் ஏலத்தின் ஆதாயம் ஊருக்கு வெளியே போனது. அதனை நிறுத்தியதன் இழப்போ ஊருக்குள்ளே தங்கிவிட்டது. கொட்டியாற்றில் வயல் செய்பவரும் கொழும்பில் மின்விளக்கு ஏற்றுபவரும் இம்மலை நீரின் பயனைப் பெறுவோர். அவர்களுள் ஒருவரேனும் அந்தத் தமக்கையை அறிந்திரார்.

அஞ்சலதிபர் புறப்படுமுன் குனிந்து ஒரு காயைப் பறித்து மோந்தார். "மாமா, காட்டிலிருந்து ஒன்றும் எடுத்துச் செல்லக்கூடாது என்று சீட்டுக் கொடுத்தவர் சொன்னாரே" என்றார் மருமகன். வழிகாட்டி வேறு திசையை நோக்கிக்கொண்டு நின்றார். பெரியவர் காயைச் சிறிது நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு, அறையின் மூலையிலே, கட்டில் கிடந்திருக்கக்கூடிய இடத்திலே வைத்தார்.

காடு முடிந்ததும் கைக்காவல. அங்கே கண்முன் விரியும் வயல்கள் படிப்படியாக இறங்குகின்றன. ஒவ்வொரு வரம்பும் கல்லும் மண்ணும் கொண்டு கையாற் கட்டப்பட்டது. ஓடையை மேலே மறித்து, வாய்க்காலால் முதல் வயலுக்கு விட்டு, அதிலிருந்து அடுத்ததற்கு வழியவிடும் ஏற்பாடு. அதற்கும் அப்பால், ஒரு திருப்பத்திலே, லக்கேகல மலை திடீரென எழுந்து நிற்கின்றது. முக்கோண வடிவான ஒற்றைப் பாறை. மீமுரே அதன் காலடியிலே கிடக்கின்றது. இராவணன் தன் விமானத்தில் ஏறிப் பறந்தது அப்பாறையிலிருந்தே என்பர் ஊரவர். திருகோணமலையில் இராவணன் வெட்டைக் காட்டும் தமிழருக்கு அக்கதை புதியதாகத் தோன்றாது. இலங்கையில் எந்த ஊரவரும் இராவணனை முழுவதாக விட்டுக்கொடுத்ததில்லை.

மீமுரேயில் ஓலையும் புல்லும் வேய்ந்த மண்வீடுகள் அருகிவிட்டன. தகரமும் ஓடும் வந்துவிட்டன. மின்சாரமும் வந்துவிட்டது. ஆயினும் வாழ்வின் அடிப்படை பெரிதும் மாறவில்லை: வயல், வீட்டுத்தோட்டத்து மிளகு, கித்துள் மரம். முன்னாளில் இவற்றோடு சேனையும் இருந்தது. காட்டை வெட்டி எரித்துக் குரக்கன் விதைத்து, பரணிலே இரவு முழுவதும் விழித்திருந்து, பன்றியையும் மரையையும் விரட்டுதற்குப் பாட்டுப் பாடுவர். ஒரு பரணிலிருந்து பாடினால் அடுத்த பரணிலிருந்து மறுபாட்டு வரும். தினைப்புனம் காத்த வள்ளியின் கதையைக் கேட்டு வளர்ந்தவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வன எல்லை வகுத்த பின்பு சேனையும் ஒடுங்கிவிட்டது. பன்றி மாத்திரம் ஒடுங்கவில்லை. இப்போது அது வயலுக்கே வந்துவிடுகின்றது.

அவர்கள் சென்ற நாளிலே சூடடிப்பு நடந்தது. ஒரு குடும்பத்தின் வயலில் ஊரவர் கூடி வேலை செய்து, அவர்களுடைய வயலில் இவர்கள் சென்று அதனைத் திருப்பிக் கொடுக்கும் 'அத்தம்' என்னும் முறை அங்கே இன்னும் உண்டு. ஏட்டில் எழுதி வைப்பதில்லை, மறப்பதும் இல்லை. கணக்காளருக்கு இது வியப்பாயிருந்தது. சூடடிக்கும் களத்தில் அன்றாடச் சொற்களை விலக்கி வேறு சொற்கள் வழங்குவது சிங்கள உழவரின் பழைய மரபு. மட்டக்களப்பு, வன்னி உழவரிடத்தும் இதையொத்த களமொழி இருந்ததை அறிந்த அஞ்சலதிபர் அதுபற்றிக் கிழவர் ஒருவரை விசாரித்தார். கிழவர் சில சொற்களைச் சொல்லிவிட்டு, இயந்திரத்துக்கு அந்தப் பாஷை விளங்காது என்று சிரித்தார்.

மாலையிலே கித்துள் இறக்குபவர் மரத்திலிருந்து பதநீருடன் இறங்கினார். பாளையைப் பக்குவப்படுத்துதற்குப் பூசும் மருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மறைபொருள். மகனுக்குச் சொல்வார்கள், மருமகனுக்குச் சொல்வதோ என்றால் யோசிப்பார்கள். பெரிய பாத்திரத்திற் காய்ச்சிக் காய்ச்சி அது பாணியாகும். மேலும் காய்ச்சினால் கருப்பட்டியாகும். பனங்கட்டி தின்று வளர்ந்தவர்கூடக் கித்துள் கருப்பட்டியைக் குறைகூறமாட்டார். ஆனால் அந்த மரத்தில் ஏறும் இளைஞர் இப்போது சிலரே. இத்தொடரினுள்ளே முற்றாகக் குடியொழிந்த சிற்றூர்களும் உள. வரம்புகள் மாத்திரம் காட்டினுள்ளே எஞ்சியிருக்கின்றன.

இரவில் விளக்கடியிலே பேச்சு வெடியுப்புக் குகையின்மேற் சென்றது. தும்பறைக் காட்டினுள்ளே வௌவால்கள் நிறைந்த ஒரு பெருங்குகை உண்டு. கண்டி மன்னர் காலத்தில் அதன் பாறை மண்ணைச் சுரண்டி, மரச்சாம்பலோடு கலந்து, நீரூற்றி வடித்துக் காய்ச்சி வெடியுப்பு எடுத்தனர். அரசனுடைய வெடிமருந்துக்கு அதுவே மூலப்பொருள். ஆங்கிலப் படையின் மருத்துவராயிருந்த ஜோன் டேவி, 1821இல் வெளிவந்த தமது நூலிலே மீமுரேயை அடுத்த இக்குகையை விவரித்துள்ளார். உலகத்துக்கு எட்டாத ஊர் என்று இன்று விளம்பரம் செய்யப்படும் இவ்விடம், அரசனுடைய துப்பாக்கிக்கு உணவளித்த இடமாக ஒருகாலத்தில் இருந்தது. காப்பிக்காரர் வந்தனர், ஏலக்காரர் வந்தனர், வனக்காவலர் வந்தனர், இப்போது வார இறுதிகளிலே உல்லாசப் பயணிகள் வருகின்றனர். அவர்களாற் சில வீடுகளுக்கு வருமானம் உண்டு. ஓடையிலே எறியப்படும் போத்தல்களும் உண்டு. வழிகாட்டி இரண்டையும் ஒரே குரலிலே சொன்னார்.

மறுநாட் காலையில் திரும்புவதற்கு அவர்கள் வாகனத்தையே நாடினர்; பெரியவரின் முழங்கால் அதற்குமேல் இணங்கவில்லை. வழிகாட்டியின் மகளும் அதே வாகனத்தில் ஏறினாள். உயர்தர வகுப்பிலே படிப்பவள். கண்டியிலே உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கின்றாள். அவள் பையோடு ஒரு போத்தற் பாணியும் ஒரு பொதி மிளகும் இருந்தன; தங்கும் வீட்டுக்குக் கொடுப்பதற்காக. தகப்பனார் வாகனத்தின் பின்னே சிறிது தூரம் நடந்து வந்து நின்றார்.

"படித்து முடிந்ததும் ஊருக்குத் திரும்பி வருவாயா பிள்ளை?" என்று அஞ்சலதிபர் சிங்களத்திலே கேட்டார்.

அவள் உடனே மறுமொழி சொல்லவில்லை. "இங்கே வேலை இருந்தால்" என்றாள் பின்பு.

கணவாயை அடைந்தபோது பனி முழுவதும் மூடியிருந்தது. மருமகன் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். ஊரும் தெரியவில்லை, லக்கேகலவும் தெரியவில்லை. அந்தப் பெண் துடைக்கவுமில்லை, தேடவுமில்லை. வெள்ளையாய்க் கிடந்த அந்தப் பனியில் ஓரிடத்தை விரலாற் சுட்டி, "அங்கே" என்றாள்.